உங்களுக்குத் தெரியுமா? ஈருறுப்புப் பரம்பலும் நம் ஊர்க் கணக்குகளும்

● மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பாயும் பிரதேசத்தில்தான் இலங்கைத்துறை முகத்துவாரமும் இருக்கிறது. “நூறு வருஷ வெள்ளம்” வந்துபோய்விட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று அங்கே யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒவ்வொரு வருஷமும் அதற்கு 100இல் 1 வாய்ப்பு. போன வருஷம் வந்ததை இந்த வருஷம் கணக்கில் எடுப்பதில்லை. 30 வருஷமும் தப்பிக்க, 0.99ஐ 30 தடவை பெருக்குங்கள்: 0.74. அதாவது 30 வருஷ வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வர 26% வாய்ப்பு. 70 வருஷம் என்றால் பாதியைத் தாண்டிவிடும். அதே 30 வருஷத்தில் இரண்டோ அதற்கு மேலோ வர 3.6%. சின்ன எண்தான், ஆனால் பூச்சியம் இல்லையே!

● க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பல்தேர்வு வினாத்தாளில் 40 வினா, ஒவ்வொன்றுக்கும் 4 விடை. கண்ணை மூடிக்கொண்டு கீறினால் சராசரியாக 10 சரிவரும். பாதியாவது, அதாவது 20 சரிவர? 10,000 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு. கோணேசருக்கு நேர்த்தி வைப்பது உங்கள் விருப்பம், படித்துவிட்டு வையுங்கள்.

● 2025 மார்ச் 9, துபாயில் சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டம். ஒருநாள் போட்டிகளில் இந்தியக் கப்டன் ரோஹித் சர்மா தொடர்ந்து 12ஆவது தடவையாக நாணயச் சுழற்சியில் தோற்று, பிரயன் லாராவின் சாதனையைச் சமன் செய்தார். குறிப்பிட்ட 12 சுழற்சியிலும் தோற்க 4,096இல் 1 வாய்ப்பு. எத்தனையோ கப்டன்கள் எத்தனையோ வருஷமாக நாணயம் சுண்டுகிறார்கள். ஒருவருக்கும் இப்படி நேராதிருந்தால்தான் அதிசயம்.

● இந்தக் கணக்குகளுக்கு வேண்டிய, ‘எத்தனை விதமாக வரலாம்’ என்று சொல்லும் எண்களை, பிங்கலரின் யாப்பு நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் ‘மேரு பிரஸ்தாரம்’ என்று மலைபோல அடுக்கிக் காட்டினார். குரு (நீண்ட), லகு (குறுகிய) அசைகளை எண்ணத்தான்! ஈருறுப்புப் பரம்பலை விளக்கிய யாக்கோப் பெர்னூலியின் நிகழ்தகவு நூல் 1713இல்தான் அச்சேறியது, அவர் இறந்து 8 வருஷம் கழித்து.

● நாளாந்த மழைக்கு ஈருறுப்புப் பரம்பல் சரிவராது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலையில் நேற்றுக் கொட்டியிருந்தால் இன்றும் கொட்டக்கூடும். ஒவ்வொரு முயற்சியும் முந்தியதைச் சாராமல், ஒரே வாய்ப்போடு இருந்தால்தான் ஈருறுப்புப் பரம்பல் பொருந்தும்.

● ஆறு நாணயத்தைச் சுண்டினால் சரியாக மூன்று தலை விழ 64இல் 20 வாய்ப்பு. மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆறு சோகிக்கு அந்த விடையும் செல்லாது. அதன் முதுகு வளைவு, வாய்ப்பக்கம் தட்டை. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. வீட்டில் சோகி இருந்தால் ஒன்றை எடுத்து 100 தடவை எறிந்து, எத்தனை தடவை வாய் மேலே விழுகிறது என்று எண்ணிவிட்டுக் கணக்கைப் போடுங்கள்.