‘விசேஷம்’ விசாரிப்பவர்கள் கேட்காத கேள்வி

கல்யாணமான மூன்றாம் மாதமே ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று விசாரிக்கும் ஊர் நம்முடையது. தம்பதிக்குள் உறவே நடக்கவில்லை என்றால் அதை யாரிடம் சொல்வது? குழந்தையின்மைக்கு மருத்துவரைப் பார்க்கும்போதுதான் பலருடைய நிலை வெளியே வருகிறது. பக்கத்து நாற்காலியில் மாமியார் இருந்தால் அங்கேயும் வராது.

தானாக இறுகும் தசை

உறவு நடக்காததற்குப் பெண்களிடம் முக்கியக் காரணம் வெஜைனிஸ்மஸ். உறவுக்கு முயலும்போது யோனியைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிவிடும். உள்வழி ஸ்கேன் எடுக்கும்போதே இது தெரிந்துவிடும்: கருவி தொடுவதற்கு முன்பே தொடைகள் சேர்ந்துகொள்ளும், இடுப்பு மேசையை விட்டு எழும்பும். இது அடம் அல்ல. தூசி வந்தால் இமை மூடுவது போலத்தான். ஆண்பிள்ளையோடு பேசினாலே அதட்டி வளர்த்துவிட்டு, ஒரே ராத்திரியில் அச்சம் போய்விட வேண்டும் என்றால் எப்படி?

ஆண்களின் பதற்றம்

நல்ல நேரம் குறித்து, கூடம் நிறையச் சொந்தபந்தம் படுத்திருக்கும் வீட்டில் விறைப்பு வராமல் போவதில் ஆச்சரியமில்லை. மறுநாள் ‘இன்றும் வராதோ’ என்ற பயமே தடையாகிவிடுகிறது. சர்க்கரை நோய், ஹார்மோன் குறைபாடு, சில மனநல மாத்திரைகள், முன்தோல் இறுக்கம் ஆகியவையும் காரணமாகலாம். சுயஇன்பம் ஆண்மையைக் கெடுப்பதில்லை. கெடுக்கும் என்ற பயத்தை வைத்துத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் லேகியம் விற்கிறார்கள்.

சிகிச்சை என்ன?

முதல் அறிவுரையே பலருக்கு வியப்பாக இருக்கும்: கொஞ்ச காலம் உறவுக்கு முயலவே வேண்டாம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் தங்கள் நூலில் விளக்கிய முறை இது. வெறும் தொடுதலோடு நிறுத்திக்கொள்ளும்போது பரீட்சை பயம் விலகுகிறது. கூடவே, வெஜைனிஸ்மஸ் உள்ள பெண்ணுக்கு இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பிறகு தன் விரலையோ, டைலேட்டர் என்னும் விரிவாக்கக் கருவியையோ, சின்ன அளவில் தொடங்கி, அந்தப் பெண்ணே தன் வேகத்தில் பழகுவார். ‘கொஞ்சம் கட்டாயப்படுத்திப் பாரேன்’ என்று கணவனுக்கு யோசனை சொல்பவர்கள் உண்டு. அது வன்முறை, இறுக்கத்தையும் கூட்டும்.

ஆண்களுக்கு விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை உதவலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. அறுவை சிகிச்சை, கன்னித்திரை தடித்திருப்பது போன்ற காரணம் உள்ள சிலருக்கு மட்டும்தான்.

கர்ப்பமானால் சரியாகிவிடுமா?

விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறையில் கருத்தரிக்கலாம். ஆனால் தசை இறுக்கம் அப்படியே இருக்கும். பிரசவத்துக்கு முந்தைய உள்பரிசோதனைகூடச் சிரமமாகலாம். மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ இருவரும் சேர்ந்து போகலாம், மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவுகள் உண்டு.