பனி உருகிய பின் தொடங்கும் வேலை

மார்ச் மாத இறுதியில் உத்தராகண்டின் அவுலி மலைச்சரிவில் பனி கரையத் தொடங்கும். பனிச்சறுக்கு விளையாட வந்தோர் ஊர் திரும்புவர். தொழில் முடிந்துவிட்டது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அடுத்த குளிர்காலத்தின் வருவாய் முடிவாவது இந்தப் பனியற்ற மாதங்களில்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதைப் போன்றதே இது. ஆனால் தடைக்காலத்துக்கு உறுதியான நாள் கணக்கு உண்டு. மலையில் அதுவும் இல்லை. பனி உருகி மண் உலர்வதற்கும் ஜூன் பிற்பகுதியில் பருவமழை இறங்குவதற்கும் இடையே சில வாரங்களே கிடைக்கும். மழை ஓய்ந்த பின் அக்டோபரும் நவம்பரும் எஞ்சும்.

சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் அமைந்த அவுலி ஒரு சிறிய பனிச்சறுக்குத் தலம். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. பனி உருவாக்கும் இயந்திரங்களும் அவற்றுக்கு நீர் தரும் செயற்கை ஏரியும் இங்கு உண்டு. வெளியூர்க்காரர் படம் எடுப்பது இந்த ஏரியைத்தான். எனினும் ஒரு கனமீட்டர் செயற்கைப் பனிக்கு 400 முதல் 500 லிட்டர் நீர் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட சரிவில் 30 சென்டிமீட்டர் பனி பரப்புவதாகக் கொள்வோம். 9,000 கனமீட்டர் பனி. ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர் நீர். குளிர்காலத்துக்கு முன்பே அதைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். சேமித்தாலும், காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொண்ட வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஓரிரு பாகையேனும் இறங்காவிட்டால் இயந்திரம் பனி தராது. பனி போதாமல் போட்டிகள் கைவிடப்பட்ட ஆண்டுகளும் அவுலிக்கு உண்டு.

ஆகவே, விலை மிகுந்த இயந்திரத்தைவிட விலை குறைந்த மண்வேலையை நாங்கள் உயர்வாக மதிக்கிறோம். சரிவிலுள்ள கற்களைப் பொறுக்கி, குழிகளை நிரவி, புல் அடர்ந்து வளர விட்டால், மெல்லிய பனியிலேயே சறுக்குதளத்தைத் திறக்க இயலும். சரிவின் குறுக்கே சாய்வாக வெட்டும் வடிகால்கள் மழைநீரை ஓரத்துக்குத் திருப்பி, மேல்மண் அரிக்கப்படாமல் காக்கின்றன. கோடையில் புல்வெளி சும்மா கிடக்கிறதே என்று எண்ணுவது தவறு. 2019 ஜூனில் இங்கு நடைபெற்ற ஒரு செல்வந்தர் குடும்பத் திருமணம் டன் கணக்கில் குப்பையை விட்டுச் சென்றதும், அது உயர்நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கலாம்.

வடிகால் புல்லுக்காக மட்டுமன்று. அடிவாரத்திலுள்ள ஜோஷிமட் பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் அமைந்த ஊர். அங்குக் கனமான கட்டுமானங்கள் கூடாதென 1976-இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டபோது, ஜோஷிமட்டையும் அவுலியையும் இணைக்கும் சுமார் 4 கிலோமீட்டர் ரோப்வே நிறுத்தப்பட்டது. அடுத்த குளிர்காலத்திலும் அது ஓடவில்லை. சறுக்குக் கருவிகளை வாடகைக்கு விடுபவர், பயிற்சியாளர், சிறு விடுதி நடத்துபவர் ஆகியோருடைய ஆண்டு வருமானம் ஒரு கம்பிவடத்தின் நலத்தை நம்பி நிற்பதை அந்த நிகழ்வு காட்டியது. ரோப்வேயும் சேர் லிப்டும் எங்கிருந்தாலும் பருவமற்ற காலத்தில் கம்பிவடத்தைக் காந்தமுறையில் சோதித்து, உள்ளே அறுந்த இழைகளைக் கண்டறிய வேண்டும். தூண்களின் அடித்தளம் சாய்ந்துள்ளதா என அளக்க வேண்டும். விருந்தினர் கண்ணில் படாத செலவு, விளம்பரத்துக்கும் உதவாது.

இனி எங்கள் மேசைக்கு வருவோம். இத்தகைய தலங்களைச் சார்ந்த சிறு விடுதிக்கு வருவாயின் பெரும்பகுதி ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. செலவோ மே மாதத்திலும் அக்டோபரிலும் எழுகிறது. இங்கு இரு தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். முதலாவது, கூரை மாற்றவும் வெந்நீர்க் குழாய் பதிக்கவும் நடைமுறை மூலதனக் கடனிலிருந்து பணம் எடுப்பது. பல ஆண்டுகள் பயன் தரும் பொருளை ஓராண்டுக் கடனில் வாங்கினால், அரிசிக்கும் சம்பளத்துக்கும் பணம் தட்டுப்படும். அதற்கு உரியது காலக்கடன்.

இரண்டாவது, காலக்கடனை எல்லா மாதமும் ஒரே தவணையாக ஏற்றுக்கொள்வது. 30 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளில் அடைப்பதெனில் ஆண்டுக்கு அசல் 6 லட்சம். மாதம் 50,000 என்று பிரித்தால் ஆகஸ்ட் மாதத்தில், மழையில் சாலை அடைபட்டு அறைகள் வெறுமையாய்க் கிடக்கும்போது, அதைக் கட்டுவது கடினம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். நல்ல வாடிக்கையாளரும் அதிலிருந்து தப்ப இயலாது. மாறாக, ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 1,40,000 வீதமும் ஏனைய ஒன்பது மாதங்களில் 20,000 வீதமும் அமைத்தாலும் அதே 6 லட்சம்தான். வட்டி தனி, அதை மாதந்தோறும் செலுத்தியாக வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கடன் வழங்கும்போதே கேட்டுப் பெறுவது எளிது. தவணை தவறிய பின் மாற்றக் கோருவது மறுசீரமைப்பாகக் கருதப்படும்; அதன் விளைவுகள் வேறு.

பனியற்ற ஆண்டுக்கும் இடம் விட வேண்டும். மூன்று நல்ல பருவங்களின் சராசரியை வைத்துத் திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடும் விண்ணப்பங்களை நாங்கள் தயக்கத்துடனேயே பார்க்கிறோம்.

மே மாதத்தில் வேலை தொடங்க விரும்புவோர் பிப்ரவரியிலேயே கிளையை அணுகுதல் நலம். மதிப்பீடும் ஆவணச் சரிபார்ப்பும் வாரங்களை எடுத்துக்கொள்ளும். வரும்போது ஒப்பந்ததாரரின் விலைப்புள்ளியுடன் கடந்த மூன்று ஆண்டுகளின் வரவுக் கணக்கையும் மாதவாரியாகக் கொண்டு வருக. ஆண்டு மொத்தத்தை மட்டும் தந்தால், எந்த மாதம் பனி, எந்த மாதம் மழை என்பது எங்களுக்குத் தெரியாது.