ஒரே வீடு, இரண்டு இனிஷியல்

"உங்க அண்ணன்னு சொல்றே, இனிஷியல் வேறயா இருக்கே?" மறுமணத்தால் இணைந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பறையில் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. பெரியவர்கள் இருவரும் விரும்பித்தான் சேர்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த முடிவில் பங்கில்லை. ஆனால் அறையையும் அலமாரியையும் பங்கு போடுவது அவர்கள்தான்.

நேற்றுவரை வீட்டுக்கு மூத்தவளாக இருந்தவள், கல்யாணத்துக்கு மறுநாள் நடுப்பிள்ளை ஆகிவிடுகிறாள். புது அண்ணனோடு சிரித்துப் பேசினால் இறந்துபோன அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் வேறு. மறுமணக் குடும்பங்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிவரும் அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்னோ, இந்த விசுவாசச் சிக்கலை முக்கியமான பிரச்சினைகளில் ஒன்றாகச் சொல்கிறார். கண்டிப்பதைப் பெற்றவரே செய்யட்டும், புதிதாக வந்தவர் முதலில் பழகட்டும் என்பது அவர் யோசனை. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. முதல் வாரமே "அண்ணான்னு கூப்பிடு" என்று பாட்டி அதட்டுவார். அது பாசத்தை வளர்க்காது, எரிச்சலைத்தான் வளர்க்கும். விடலைப் பருவத்துப் பிள்ளைகளிடம் இன்னும் பொறுமை வேண்டும்.

பலரும் யோசிக்காத சிக்கல் சொத்தில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி, தாய், பெற்ற பிள்ளைகள் முதல் வரிசை வாரிசுகள். மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை, அவரை எத்தனை ஆண்டுகள் "அப்பா" என்று அழைத்திருந்தாலும், அந்த வரிசையில் இல்லை. மாற்றாந்தாயின் சொத்திலும் அவர் பெற்ற பிள்ளைகளோடு கணவரின் பிள்ளைகள் சமபங்கு கேட்க முடியாது; 1987இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்தத் தம்பதிக்குப் புதிதாக ஒரு குழந்தை பிறந்தால், இருவர் சொத்துக்கும் அது நேரடி வாரிசு. வீட்டில் எல்லோருக்கும் ரத்த உறவான அந்தக் குழந்தை மேல் மூத்தவர்களுக்குப் பொறாமை வந்தால், அதைச் சின்னப் புத்தி என்று ஒதுக்குவது நியாயமில்லை.

வழி இல்லாமல் இல்லை. துணையின் பிள்ளையை முறைப்படி தத்தெடுத்தால் வாரிசுரிமையும் வரும்; அதற்கு, உயிரோடிருக்கும் பெற்ற தாய் தந்தையின் சம்மதம் வேண்டும். சுயமாகச் சம்பாதித்த சொத்தென்றால் உயிலே போதும். மறுமணம் செய்தவர்கள் தள்ளிப்போடாமல் அந்த உயிலை எழுதுங்கள். எழுதியதை இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.