உங்களுக்குத் தெரியுமா? சிக்கலின் வேர் விளிம்பில்!

நம் காவலர்களின் தோளில் பல காலம் தொங்கிய 303 துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் மேகசின் 10 தோட்டாக்கள் கொள்ளும். அதைச் சட்டெனக் கழற்றிவிடலாம். அப்படியானால் வேகத்துக்கு மேகசினையே மாற்றியிருப்பார்கள் என்று தோன்றும். நடந்தது வேறு. துப்பாக்கிக்கு ஒரு மேகசின்தான். கழற்றுவது பெரும்பாலும் துடைப்பதற்கு. தோட்டா தீர்ந்தால், ஐந்தைந்தாகக் கோத்த தகட்டுக் கிளிப்புகள் இரண்டை மேலிருந்து பொருத்திக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் 300 கஜ இலக்கை நோக்கி நிமிடத்துக்கு 15 முறை சுடப் பழகியது இந்த முறையில்தான்.

விரல் வேகம் மட்டும் போதாதா? போதாது. 303 தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே புடைத்திருக்கும். மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் அமர்ந்துவிட்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் முந்தையதற்கு முன்னே அமர்த்த வேண்டும். கிளிப்பிலும் விளிம்புகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினார்கள். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரியாக இறங்கும். தோட்டா சிக்கினால், மேகசினின் தகட்டுவில்லைக் குறை சொல்லும் முன் அடுக்கைப் பார்ப்பதே முறை. விளிம்பு புடைக்காத தோட்டா கொண்ட ஜெர்மன் மாசருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் மேகசின் கொண்டது 5 தோட்டாக்களே. 1960களில் இந்தியாவின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலை லீ-என்ஃபீல்டையே விளிம்பு புடைக்காத 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியமைத்தது.