குறை இதயத்துடிப்பும் நீடித்த அசதியும்

ஓய்வாக இருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். 60-க்குக் கீழே இறங்குவது குறை இதயத்துடிப்பு. மருத்துவர்கள் இதை பிராடிகார்டியா என்பர். எண் குறைந்தாலே நோய் என்று கொள்ளக்கூடாது. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 50-க்குக் கீழ் இருப்பதுண்டு. உறக்கத்தில் யாருக்கும் குறையும். அசதி, தலைசுற்றல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை உடன் சேரும்போதுதான் அது கவனத்திற்குரியது.

சேலம் மாவட்டத்து மேச்சேரி, தன் பெயரிலேயே ஓர் ஆட்டினத்தைக் கொண்ட ஊர். இங்கு எழுபது வயதுக்காரர் ஒருவர் "முன்ன மாதிரி ஆட்டுப் பின்னால நடக்க முடியல" என்றால், வீட்டார் "வயசாயிடுச்சு" என்று சொல்லி விட்டுவிடுவர். ஆனால் முதுமையின் தளர்ச்சி மெல்ல வருவது. சில மாதங்களுக்குள் வந்த தளர்ச்சிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு துடிப்பில் இதயம் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. 70 துடிப்புக்கு, நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர். துடிப்பு 35 ஆகும்போது இதயம் ஒவ்வொரு முறையும் கூடுதலாக நிரம்பி ஓரளவு ஈடுசெய்யும். விறைத்துப்போன முதிய இதயத்தால் அது முழுமையாக இயலாது. உட்கார்ந்திருக்கும்வரை தெரியாத குறை, மேடேறும்போது தெரிந்துவிடும். சிலருக்கு ஓய்வில் துடிப்பு சரியாகவே இருக்கும். நடந்தாலும் அது உயராது. அதுவும் அசதி தரும்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தேய்வதும், அங்கிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் வழியில் தடைபடுவதும் முக்கியக் காரணங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் துடிப்பைக் குறைக்கும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் அட்டினலால், மெட்டோபுரோலால் மாத்திரைகளும் அப்படியே. கண்நீர் அழுத்தத்திற்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும் இதயத்தை மெதுவாக்கக்கூடும். கண்ணில் விடும் சொட்டை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. மாத்திரைதான் காரணம் என்று ஐயம் எழுந்தாலும் தானாகவே நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மின்னணுக் கருவியில் மேல் எண், கீழ் எண் இரண்டையும் கேட்டுக்கொள்பவர்கள் மூன்றாவது எண்ணைக் கேட்பதில்லை. அதுதான் நாடித்துடிப்பு. கருவி இல்லையெனில், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணலாம். இடையிடையே துடிப்பு தவறினால் கருவியும் விரலும் குறைத்துக் காட்டக்கூடும், ஈ.சி.ஜி. எடுத்தால்தான் உறுதியாகும். துடிப்பு விட்டு விட்டுக் குறைபவர்களுக்கு, 24 மணி நேரம் உடலில் அணியும் ஹோல்டர் கருவி தேவைப்படும்.

அசதிக்கு இரத்தசோகையும் சர்க்கரை நோயும் இதைவிடப் பொதுவான காரணங்கள். எனவே அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும், தைராய்டு பரிசோதனையும் சேர்த்தே செய்யப்படும்.

மருந்தோ தைராய்டோ காரணமானால் அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும். மின்தூண்டல் வழியே பழுதானால் பேஸ்மேக்கர் பொருத்துவர். உடலுக்குள் பொருத்தும் முதல் பேஸ்மேக்கரை 1958-இல் சுவீடனில் ஆர்னே லார்சன் பெற்றார். அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட அவர், 2001-இல் 86 வயதில் இறந்தார். இன்றைய கருவியின் மின்கலம் பல ஆண்டுகள் உழைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சையும் அடங்கும். மயங்கி விழுந்தவரும், நெஞ்சுவலி உள்ளவரும் நாடியை எண்ணிக்கொண்டு காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.