ஆச்சி சொன்ன பூக்கணக்கு

போன வருஷம் என் மகள் எட்டாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 28 மார்க். பேப்பரைப் பார்த்த என் கணவர், "பிளஸ் ஒன்ல கணக்கு இல்லாத குரூப்பா பாத்துக்கிடுவோம்" என்று முடிவே கட்டிவிட்டார். அவள் அழவில்லை. "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் திக்கென்றது. அதே வயதில் அதே வார்த்தையைச் சொல்லிக் கணக்கை விட்டவள் நான்.

திண்ணையில் இருந்த என் மாமியார், மூன்றாம் வகுப்போடு நின்றவர், "ஏட்டி, பேப்பரை உள்ள வை. ஒரு கதை சொல்லுதேன்" என்றார்.

ஒருத்தன் பூவோடு போகிறான். வழியில் மூன்று கோயில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குளம். குளத்தில் முக்கினால் பூ இரண்டு மடங்காகும். மூன்று சாமிக்கும் ஒரே எண்ணிக்கையில் வைக்கணும். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. வீட்டிலிருந்து எத்தனை பூ கொண்டு போனான்?

நான் எக்ஸ், ஒய் என்று ஆரம்பித்தேன் (பாதியில் மறந்துபோச்சு, அது வேறு விஷயம்). அத்தையோ பல்லாங்குழிப் புளியமுத்தைக் கொட்டி, "கடைசிக் கோயில்ல இருந்து திரும்பி நடந்து வா. சாமிக்கு எட்டுன்னு வச்சுக்கோ" என்றார்.

மூன்றாவது சாமிக்கு 8 என்றால், முக்குவதற்கு முன் 4. அது இரண்டாவது கோயிலில் மிஞ்சியது. அங்கே வைத்த 8-ஐச் சேர்த்தால் 12, முக்குவதற்கு முன் 6. முதல் கோயிலில் 6-ம் 8-ம் 14. அப்படியானால் கொண்டு வந்தது 7!

"ஏன் ஆச்சி எட்டு? ஆறு வைக்கப்படாதா?"

"வச்சுப் பாரு."

ஆறு வைத்தால் நடுவில் நாலரைப் பூ வந்து நின்றது. "பூவைப் பிச்சா சாமிக்கு வைப்பே?" என்று ஆச்சி கேட்க, இரண்டு பேரும் ஒரே சிரிப்பு.

மறுநாள் அவளாகவே, "நவதிருப்பதிக்கும் இப்படிப் போனா?" என்றாள். ரெட்டைத் திருப்பதியில் இரண்டு கோயில்; ஆகவே ஊர் எட்டு, கோயில்தான் ஒன்பது என்று ஆச்சி திருத்தினார். ஒரு கோயிலுக்கு 1 பூ, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 7, நாலுக்கு 15... "முந்தினதை ரெண்டு மடங்காக்கி ஒண்ணு கூட்டுனா போதும்மா!" ஒன்பதுக்கு 511 பூ, சாமிக்கு 512. அந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' வாங்கினோம். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியுமாம். குற்றாலத்தில் வாங்கிய பழத்தில் 80 முள் எண்ணினோம்; கணக்குப்படி 96 சுளை. அறுத்தால் எழுபத்தொன்றுதான்! "முள்ளை எண்ணினதுல தப்பு" என்று மகள் இன்னமும் சண்டை போடுகிறாள்.

முழுப் பரீட்சையில் 54. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் குரூப் பேச்சை அவர் இப்போது எடுப்பதில்லை.

இந்த வாரம் ஆச்சி போட்டிருப்பது எண்ணெய்க் கணக்கு. எட்டுப் படிப் பாத்திரம் நிறைய நல்லெண்ணெய். பக்கத்தில் ஐந்து படி, மூன்று படிப் பாத்திரங்கள் காலியாக. வேறு அளவு கிடையாது. இரண்டு பேருக்குச் சரிபாதி பிரிக்கணும். மகள் ராத்திரியே முடித்துவிட்டாள். இவர்தான் அடுப்படியில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்