ஒரு துண்டை வடிவமைப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

எடப்பாடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் காதில் விழாமல் இராது. எங்களில் பலர் அந்தச் சத்தத்திலேயே பாடம் படித்து, அந்தச் சத்தத்திலேயே உறங்கி வளர்ந்தவர்கள். தறியிலிருந்து இறங்கும் துணிக்கு இந்த நீளம், இந்தக் கரை, இந்த நிறம் என்று யாரோ ஒருவர் முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும் அல்லவா? அந்த முடிவுக்கு வரும் வேலைக்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். ‘டிசைன்’ என்றால் பூப் போடுவது என்பது ஊரார் எண்ணம். பூ அதில் கடைசியாக வருவது. சில சமயம் வராமலே போவது. இவ்வாண்டு கைத்தொழில் வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு துண்டை வடிவமைத்தோம். அதையே உதாரணமாக வைத்து இக்கலையைத் தோழியருக்கு விளக்க முயல்கிறோம்.

துண்டுதானே என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் நாற்காலிகளை வடிவமைத்து உலகப் புகழ் பெற்றவர்கள். நம் அரசின் அழைப்பை ஏற்று இந்தியாவைச் சுற்றிப் பார்த்த அவர்கள், 1958-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை தந்தனர். இங்கே கண்ட பொருள்களுள் அவர்கள் மிக உயர்வாகப் போற்றியது எதைத் தெரியுமா? வட இந்தியர் லோட்டா என்று அழைக்கும் சாதாரணச் செம்பைத்தான்! அதைப் புகழ்ந்ததோடு நில்லாமல், ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் எழுதினர். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தூக்கும் கை யாருடையது? தலையிலா, இடுப்பிலா, கையிலா? நிறைந்திருக்கும்போது எப்படிச் சாயும்? விலை என்ன? உடைந்தபின் அந்த உலோகம் எதற்கு உதவும்? கேள்விகள் இப்படியே நீள்கின்றன. இந்த அறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

செம்புக்குக் கேட்டதை நாங்கள் துண்டுக்குக் கேட்டோம். இரண்டு வாரம் பென்சிலைத் தொடவே இல்லை, பார்ப்பதே வேலை. தோளில் போடுவது, தலையில் முண்டாசு கட்டுவது, சுமை தூக்கச் சும்மாடு சுற்றுவது, தூக்குப்போசியை மூடி எடுத்துச் செல்வது, வரப்பில் உறங்கும் குழந்தைக்கு நிழல் கட்டுவது என்று எழுதிக்கொண்டே போனோம். பேருந்தின் ஜன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிப்பதையும் விடவில்லை. அது துண்டின் வேலையா என்று எங்களுக்குள் சிறு தகராறு நடந்தது. வேலைதான் என்று முடிவாயிற்று.

மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னதுதான் எங்களுக்கு வழி காட்டியது. “ஒரு மூலையில வேர்வை தொடைக்கிறேன் கண்ணு. அதே மூலையில புள்ளை மூஞ்சியத் தொடைக்க மனசு வருமா? எது எந்தப் பக்கம்னே தெரிய மாட்டேங்குது” என்றார். கடைகளில் எத்தனையோ நிறத்தில் துண்டு கிடைக்கிறது. ஆனால் இரண்டு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பார்த்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் சுருக்க வேண்டும். இதுதான் கடினமான பகுதி என்பது எங்கள் கருத்து. ‘காட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, தலையில் கட்டினால் பிடரியை மறைப்பதாய், எந்த முனை எது என்று பார்த்ததும் தெரிவதாய், விலை கூடாததாய் ஒரு துண்டு.’ இதைச் சுவரில் ஒட்டி வைத்தோம். இனி வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த வாக்கியத்திற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பின்னரே படம். ஆளுக்கு ஐந்தாக நாற்பது படங்கள், தீப்பெட்டி அளவில், ரப்பர் கொண்டு அழிக்காமல். சிறிதாக வரைந்தால் அழகுபடுத்த இடமிராது. யோசனை மட்டுமே நிற்கும். ஒரு முனையில் மல்லிகைப் பூ, ஒரு முனையில் குஞ்சம், ஐந்து மெல்லிய கோடுகள், ஒரே அகலப் பட்டை ஆகிய நான்கும் தேறின. நீளத்தைக் காகிதத்தில் முடிவு செய்ய முடியாது. ஆகையால் பழைய வேட்டியை 54, 60, 72 அங்குலமாகக் கிழித்து, அக்காவையே கட்டிப் பார்க்கச் சொன்னோம். 54-இல் முடிச்சுக்குப் பின் பிடரிக்குத் துணி போதவில்லை. 72-இல் குனியும்போது வால் முன்னே வந்து விழுந்தது. 60 நின்றது.

இப்போது பூவைப் பார்ப்போம். பூவை நெய்ய ஜக்கார்டு வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த கருவி இது. படத்தை முதலில் கட்டத்தாளுக்கு மாற்ற வேண்டும். நிற்கும் வரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு நூல். கிடக்கும் வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடை நூல், அதற்கு ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி தன் பாவு நூலை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. எங்கள் துண்டில் அங்குலத்திற்குப் பாவு 40, ஊடை 36. 120 கொக்கி உள்ள ஜக்கார்டில் பூவின் அகலம் 3 அங்குலம் வரும். உயரமும் 3 அங்குலம் வேண்டுமானால் 108 அட்டை. சாதாரணக் கட்டத்தாளில் 120-க்கு 120 என்று வட்டமாகப் போட்டால், தறியில் அது 3⅓ அங்குல உயரத்தில் நீள்வட்டமாக எழும்பிவிடும். கணக்குப் பாடம் எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்! இதழ் பெரிதாக இருந்தால் நூல் இடையில் பிடிப்பின்றி நீளமாகக் கிடக்கும். தலையில் கட்டும் துண்டில் அது தோட்டில் மாட்டிக்கொள்ளும். இந்நாளில் கணிப்பொறியே கட்டங்களை நிரப்பிவிடுகிறது. மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையும் தேவையில்லை. ஆனால் தோட்டில் மாட்டுமா என்பதைக் கணிப்பொறி கேட்காது.

நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு விசைத்தறி வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் சென்றோம். பூவை நெடுநேரம் பார்த்தார். “அழகாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நம்ம தறியில ஜக்கார்டு இல்லை. அதை மாட்டி, அட்டை அடிச்சு, துண்டு விலைக்கு எப்படிக் கட்டும்?” என்றார். அடுத்து ஐந்து கோடுகளைக் காட்டி, “இதுக்கு நான் எத்தனை வாட்டி தறியை நிறுத்தணும்?” என்று கேட்டார். அவர் தறியில் ஒரே நாடாதான். நிறம் மாறும்போதெல்லாம் தறியை நிறுத்தித் தாரை மாற்ற வேண்டும். ஒரு கோடு தொடங்க ஒரு முறை, முடிய ஒரு முறை. ஐந்து கோட்டுக்குப் பத்து முறை. கூலி துண்டுக் கணக்கில்தான் வருகிறது. நின்ற நேரத்திற்கு யாரும் தருவதில்லை. காகிதத்தில் நாங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோடும் அவர் வீட்டு வரவிலிருந்து கழிகிறது என்பது அன்று விளங்கியது. ஒரே அகலப் பட்டையானால் இரண்டு முறை நிறுத்தினால் போதும். சுவரில் இருந்த வாக்கியத்தில் நெய்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘தறியை இரு முறைக்கு மேல் நிறுத்தாததாய்’ என்று சேர்த்தோம்.

வரைபவரும் நெய்பவரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதற்காகவே நம் நாட்டில் 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. சேலத்திலும் ஒன்று உண்டு. புகழ்பெற்ற ஓவியர் ஆதிமூலம் அத்தகைய மையத்தில் பணிபுரிந்தவர். சேலத்திலேயே 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தோர் அங்கே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். வெளியூர் போக வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

சாய நூலை வெள்ளை நூலோடு முடிந்து, சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகே மாமா தம் பாவின் கடைசியில் ஆறு துண்டுகள் நெய்து தந்தார். வெள்ளைத் துண்டு, ஒரு முனையில் மட்டும் மூன்று அங்குல நீலப் பட்டை. அவற்றை ஆறு பேரிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொன்னோம். களை எடுக்கும் அக்கா நீல முனையைக் குழந்தைக்கென்று வைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் நீலம் வியர்வைக்கு. எது எதற்கென்று அவரவரே முடிவு செய்துகொண்டது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறாவது துண்டு வயதான ஓர் அம்மாயியிடம் இருந்தது. அந்தி சாய்ந்தால் தமக்கு நீலமும் தெரியாது, வெள்ளையும் தெரியாது என்றார் அவர். துண்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். விரல் அறிய வேண்டும் என்றால் முதலில் ஒதுக்கிய குஞ்சத்தைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் அது மரவள்ளிக் குச்சியில் மாட்டும். பட்டையை மட்டும் இரட்டை இழை ஊடையால் நெய்தால் தடவும்போது மேடாகத் தெரியும் என்று மாமா யோசனை சொல்கிறார். தறியை நிறுத்துவது அப்போதும் இரண்டே முறைதான். அவர் தறியில் அடுத்த பாவு தை மாதம் ஏறுகிறது.